தொட்டி இல்லாத இடத்தில் நின்ற குதிரை

“...இறங்காதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது, இறங்காதீங்க! குதிரைதாம்மா நின்னுச்சு, நான் நிறுத்தல. ரெண்டு நிமிசம் குந்திக்கினு இருங்க, அதுவே கிளம்பிடும்” என்று ஜட்கா வண்டிக்காரர் கன்னியப்பன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அதற்குள் ஒரு காலை வண்டிப் படியில் வைத்துவிட்டார்.

இடம் காஞ்சிபுரம் காந்தி ரோடு, ஒரு பெரிய பட்டு ஜவுளிக்கடையின் வாசல். வருஷம் 1968, சித்திரை மாதக் கடைசி. வண்டியில் இருந்தவர்கள் நான், திண்டிவனத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஒருவர், அவருடைய மனைவி. அந்த அம்மாள் கடைக்கு முன்னால் இறங்கினால் கன்னியப்பனுக்கு ஏன் உயிர் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. காலையிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் அது விளங்கும்.

சென்னை பிராட்வேயில் காலை ஆறரை மணிக்குப் பஸ் ஏறினேன். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இரண்டேகால் ரூபாய். நான் திருச்சிக்காரன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தையெல்லாம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் படித்தேன். பேச்சுக் கொடுத்தால் யாராயிருந்தாலும் பாடம் நடத்துவார்கள். அன்றைய முதல் பாடம் கண்டக்டரிடம். பூந்தமல்லி தாண்டியும் அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். உங்களுக்கு சீட் கிடையாதா என்று கேட்டேன்.

“கண்டக்டர் சீட்டுன்னு ஒண்ணு இருக்குது சார். அதுக்கும் டிக்கெட் போட்டாச்சு. இல்லேன்னா முதலாளி கோவிச்சுக்குவார்” என்றார். டிரைவர் திரும்பாமலே, “நீ நிக்கறே, நான் வேவறேன். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளமா குடுக்கறாங்க?” என்றார். இன்ஜின் மூடியின் மேல் நான்கு மடிப்பாகச் சாக்கு போட்டிருந்தது. அப்படியும் அந்தப் பக்கம் காலை வைக்க முடியவில்லை.

ஒன்பதே காலுக்குக் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு புங்கமரம், அதன் நிழலில் ஜட்கா ஸ்டாண்டு. எதிர்ப்பக்கம் டாக்சிகள் நான்கைந்து, வெயிலில் பளபளத்துக்கொண்டு. ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வழக்கத்தைப் பார்த்தேன். மரத்தடியில் நீளமாக ஒரு கருங்கல் கிடக்கிறது. வருகிற வண்டிக்காரர் ஒவ்வொருவரும் தன் சாட்டையை அந்தக் கல்லின் மேல், முன்னால் வந்தவரின் சாட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறார். முதல் சாட்டைக்கு முதல் சவாரி. சவாரி கிடைத்தவர் தன் சாட்டையை எடுத்துக்கொள்ள, மற்றவை ஓரடி நகர்கின்றன. சண்டை கிடையாது, கூச்சல் கிடையாது. ரயிலடியில் போர்ட்டர்களும் டாக்சிக்காரர்களும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் எங்கள் ஊர்க் காட்சியை நினைத்துக்கொண்டேன். ஸ்டாண்டு கட்டுப்பாட்டை மீறுகிறவனுக்குத் தண்டனையும் சாட்டையால்தான். அடிக்க மாட்டார்கள், அவனுடைய சாட்டையைக் கல்லிலிருந்து எடுத்து மரத்தில் மாட்டிவிடுவார்கள். மாட்டிவிட்டால் முறை இல்லை, முறை இல்லாவிட்டால் சவாரி இல்லை.

முதல் சாட்டை கன்னியப்பனுடையது. நாற்பது வயது இருக்கும். முசரவாக்கத்துக்காரர். காய்ச்சலில் பதினைந்து நாள் ஊரோடு படுத்திருந்து அன்றுதான் வண்டி பூட்டியிருக்கிறார். சின்ன காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் சுமார் மூன்று கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது காசு. திண்டிவனத்துத் தம்பதியும் அங்கேயே போவதாக ஏறினார்கள். வைகாசியில் பெண்ணுக்குக் கல்யாணம். முதலில் பெருமாள், பிறகு புடவை.

“பின்பாரமா இருக்குது சார், முன்னால நவுந்து குந்துங்க. குதிரை அந்தரத்துல தொங்கிடும்” என்றார் கன்னியப்பன். நகர்ந்தேன். குதிரைக்குப் பேர் உண்டா என்று கேட்டேன்.

“உண்டு சார். கமலா. பொம்பளைப் பேரு வெச்சா உதைக்காதுன்னு சொன்னாங்க.”

“உதைக்கவில்லையா?”

“அதெல்லாம் நல்லா உதைக்குது.”

காந்தி ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். கமலா ஓடிக்கொண்டிருந்ததே ஒழிய ஒரு யோசனையோடு ஓடியதாகத் தோன்றியது. திடீரென்று இடது ஓரமாக ஒதுங்கி அந்தப் பட்டுக்கடை வாசலில் நின்றது. கழுத்தைத் தாழ்த்தித் தரையை முகர்ந்தது. அங்கே புதுசாகச் சிமெண்டு பூசியிருந்தது, அவ்வளவுதான். கன்னியப்பன் லகானை இழுத்தார், நாக்கைச் சொடுக்கினார், “ஏ கமலா, போம்மா, போ!” என்றார். அது அசையவில்லை. அப்போதுதான் அந்த அம்மாள் இறங்கப் போனதும், கன்னியப்பன் கெஞ்சியதும்.

“ஏன்பா, குதிரைக்கே தெரிஞ்சிருக்குது எது நல்ல கடைன்னு. நீ எதுக்குத் தடுக்கிற?” என்று சிரித்துக்கொண்டே அம்மாள் இறங்கிவிட்டார். கடையிலிருந்து சந்தனப் பொட்டு வைத்த சிப்பந்தி ஒருவர் ஓடிவந்து, “வாங்கம்மா, வாங்க, உள்ள ஃபேன் போட்டிருக்குது” என்று பையை வாங்கிக்கொண்டார். மண்டிக்காரர் சில்லறையை நீட்டினார்.

“வேணாங்க. இங்க எறக்கிட்டு நான் காசு வாங்கினா செத்தேன்” என்று கன்னியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சிப்பந்தி சிரித்தார். “வாங்கிக்கோ கன்னியப்பா. உன் குதிரைக்குப் புத்தி இருக்குது. உங்க ஸ்டாண்டுத் தலைவர் பாய்க்குத்தான் இல்ல.”

மண்டிக்காரர் எண்பது காசை ஆசனத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதே நேரம் எதிரே ஒரு ஜட்கா வந்தது. ஓட்டி வந்தவர் எத்திராஜ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வண்டியைப் பார்த்தார், கடைப் படியேறும் தம்பதியைப் பார்த்தார், ஆசனத்தில் கிடந்த காசையும் பார்த்தார். “சபாஷ்டா கருங்காலி!” என்று கத்திவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

கமலா இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, வயிறு நிறையக் குடித்து முடித்தது போல, தானே கிளம்பியது.

மிச்ச தூரத்தில் கன்னியப்பன் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கடை வாசலில் பழைய முதலாளி பெரியவர் காலத்திலிருந்து ஒரு கல் தொட்டி இருந்தது. கடைக் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பி வைப்பார்கள். பக்கத்தில் ஆட்களுக்கு ஒரு பானை. பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் நடுவே குதிரை குடிக்க அது ஒன்றுதான் இடம். “குதிரைக்குத் தண்ணி, கடைக்குப் பார்ட்டி. ரெண்டு பேருக்கும் லாபம். பெரியவரு வெவரமானவரு” என்றார். இப்போது மகன் கையில் கடை. கார்கள் நிற்க இடம் வேண்டும், சாணி நாற்றத்தில் கார்ப் பார்ட்டிகள் முகம் சுளிக்கிறார்கள் என்று தொட்டியைப் பெயர்த்தெடுத்து, பானையையும் உள்ளே வைத்துவிட்டார். அடுத்த நாலாம் நாள் வெயிலில் ஒரு வண்டிக் குதிரை நடுரோட்டில் விழுந்து செத்துப்போனது. கடையில் கேட்டால் முனிசிபாலிட்டியைக் கேள் என்கிறார்கள், முனிசிபாலிட்டியில் கேட்டால் கடையைக் கேள் என்கிறார்கள். அதனால் தொட்டி திரும்பி வரும்வரை அந்தக் கடை வாசலில் எந்த ஜட்காவும் சவாரி இறக்குவதில்லை என்று ஸ்டாண்டில் கட்டுப்பாடு. இறக்கினால் சாட்டை மரத்துக்குப் போகும்.

“எனக்குச் சேதி வந்துச்சு சார், முசரவாக்கத்துக்கே ஆள் அனுப்பிச் சொன்னாங்க. கமலாவுக்குத்தான் யாரும் சொல்லல.”

வரதராஜர் கோயிலைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கால் மண்டபத்துக் கல்லில் படுத்துக்கொள்ளக் குளிர்ச்சி தாராளம் என்று மட்டும் சொல்கிறேன். பக்கத்துச் சத்திரத்தில் பையை வைத்துவிட்டு வெளியே வந்தபோது கன்னியப்பன் காத்திருந்தார்.

“சார், நீங்க ஸ்டாண்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும். எத்திராஜ் இந்நேரம் தமுக்கு அடிச்சிருப்பான். அந்த எண்பது காசை நான் இன்னும் தொடல, பாருங்க.” காசு ஆசனத்தில் வைத்தபடியே இருந்தது. நான் அதற்கு எதிரே உட்கார்ந்தேன்.

திரும்பும்போது காந்தி ரோட்டைத் தவிர்க்க நெசவாளர் தெரு ஒன்றில் வண்டியைத் திருப்பினார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாவு நீட்டியிருந்தார்கள். மாம்பழ நிறத்தில் பட்டு இழைகள், தெரு முழுவதையும் அடைத்துக்கொண்டு, குச்சிகளின் மேல் இடுப்பு உயரத்தில். இழைகளைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “இன்னாபா, அறுத்துக்கினு போவப் போறியா?” என்றார். அடுத்த தெருவிலும் அதே, பச்சை நிறத்தில். கல்யாண மாதத்துக்கு முன்னால் இந்த ஊரில் தெருக்களெல்லாம் தறிக்குச் சொந்தம். வண்டிக்குக் காந்தி ரோடு ஒன்றுதான். மறுபடி அங்கே வந்தோம். மறுபடி கடை வாசல். மறுபடி கமலா நின்றது. நான் இறங்காமல் கல்லுப்போல உட்கார்ந்திருந்தேன். குடிக்கிற நேரம் கழிந்ததும் கிளம்பியது.

பன்னிரண்டு மணிக்குக் கோயில்களெல்லாம் நடை சாத்திவிடுவதால் ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரம். புங்கமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு வண்டிக்காரர்கள் கூடியிருந்தார்கள். நடுவில் ஸ்டாண்டுத் தலைவர் காதர் பாய், மெலிந்த உயரமான மனிதர். சிறுவயதில் பினாங்கில் ரிக்‌ஷா இழுத்தவர். என்னைப் பார்த்ததும் டீ வரவழைத்தார். சாட்சிக்கு மரியாதை.

எத்திராஜ் ஆரம்பித்தார். “பார்ட்டிய எறக்கினான், காசு வாங்கினான், கடைக்காரன் இவனைப் பார்த்துச் சிரிக்கறான். நாங்க இன்னா மடையனுங்களா? இந்தக் கடைப் பக்கம் பார்க்காமப் பத்து நாளா வவுத்தைக் கட்டிக்கினு ஓட்டறோம்.”

“நான் எறக்கல. குதிரை நின்னுச்சு” என்றார் கன்னியப்பன்.

“ஆமாமா. குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்! நாளைக்குக் குதிரைதான் கமிஷன் வாங்கிச்சுன்னுவே.”

“நம்ம குதிரை கட்சி மாறிடுச்சுபா” என்றார் பின்னாலிருந்து ஒருவர். சிரிப்பு.

என்னைக் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன்: இழுத்தார், போகவில்லை, கெஞ்சினார், அந்த அம்மாள் கேட்கவில்லை, காசை இன்னும் தொடவில்லை. எத்திராஜ் வண்டிக்குள் தலையை நீட்டிக் காசைப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் சமாதானம் ஆகவில்லை. “எங்க குதிரைங்களும்தான் மொத நாள் நின்னுச்சு. ரெண்டு போடு போட்டோம், மறந்துடுச்சு. இவன் ஏன் போடல?”

எல்லோரும் கன்னியப்பனைப் பார்த்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி கேட்டதுக்கா அடிக்கறது?” என்றார். “நாம எதுக்கு பாய் அந்தக் கடையோட மல்லுக்கு நிக்கறோம்? தண்ணி வேணும்னுதானே? அதேதான் அதுவும் கேக்குது. ஒன்பது வருசமா அங்க குடிச்சிருக்குது. நாம கேட்டா நியாயம், அது கேட்டா சாட்டையா?”

யாரும் சிரிக்கவில்லை. எத்திராஜ் மட்டும், “வக்கீலுக்குப் படிச்சுட்டு வந்திருக்கறான், காய்ச்சலுக்குப் போனவன்” என்று முணுமுணுத்தார்.

காதர் பாய் எழுந்தார். “பேச்சு வேணாம். நானே ஓட்டிப் பார்க்கறேன். இவன் எறங்கட்டும்” என்றார். கன்னியப்பன் இறங்கினார். காதர் பாய் ஏறி லகானைப் பிடித்தார். என்னையும் சாட்சியாக ஏறச் சொன்னார். பின்னால் நான்கைந்து பேர் நடந்தே வந்தார்கள். உச்சிவெயிலில் காந்தி ரோட்டில் இப்படி ஓர் ஊர்வலம்.

போகும் வழியில் காதர் பாய் பேசிக்கொண்டு வந்தார். “பினாங்குலயும் இதே பேச்சுதான் சார். கூலி எவ்வளவுங்கறது அப்புறம். எங்க நிக்கறது, எங்க குடிக்கறது, எங்க ஒண்ணுக்குப் போறது, அதான் மொதல் சண்டை. கப்பல்ல வேலை செஞ்சவங்க வந்து சொல்லுவாங்க, சீமையிலயும் டிராம் ஓட்டறவங்க இதுக்குத்தான் அடிச்சுக்கறாங்கன்னு. ஊரைச் சுமக்கறவனுக்கு ஊர்ல நிக்க எடம் இல்ல.” எதிரே சென்ற டாக்சியைக் காட்டி, “அவன் இப்ப பவுசாப் போறான். ஓடமும் ஒருநாள் வண்டியில ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்துல ஏறும். அவனுக்கும் ஒரு தொட்டி புடுங்கற நாள் வரும்” என்றார்.

கடை வாசல் வந்தது. கமலா ஒதுங்கியது, நின்றது, சிமெண்டை முகர்ந்தது. காதர் பாய் லகானைச் சுண்டினார். உருதுவில் ஏதோ செல்லமாகச் சொன்னார். பிறகு செல்லமில்லாமல் சொன்னார். சாட்டையை ஓங்கி ஒன்று போட்டார். கமலாவின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. கால் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை சாட்டையை ஓங்கியவர் நடந்து வந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதர் பாய் கையைத் தாழ்த்திவிட்டார்.

“குதிரை குணம் அறிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கலியாம். குடுத்திருந்தா இன்னிக்கு நான் காலி” என்றார். கூட்டத்தில் எத்திராஜ்தான் முதலில் சிரித்தது. கடைப் படியில் நின்ற சிப்பந்தியும் சேர்ந்து சிரிக்கப் போக, ஒருவரும் அவரோடு சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

ஸ்டாண்டுக்குத் திரும்பித் தீர்ப்பு சொன்னார் காதர் பாய். கன்னியப்பன் மேல் தப்பு இல்லை. அந்த எண்பது காசு செத்துப்போன குதிரைக்காரர் வீட்டுக்கு. ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்: இனி ஒரு பார்ட்டி அந்த வண்டியிலிருந்து அந்தக் கடைக்குள் போனால் சாட்டை மரத்துக்குப் போகும். “குதிரைய அடிச்சு ஓட்டுவியோ, கொஞ்சி ஓட்டுவியோ, இல்ல அந்த ரோட்டு சவாரியே வேணாம்னு வுடுவியோ, அது உன் பாடு.”

அந்த ரோட்டு சவாரியை விட்டால் கன்னியப்பனுக்கு மிஞ்சுவது ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் மட்டும், பாதி வயிறு. அவர் சாட்டையைக் கல்லின் கடைசியில் வைத்துவிட்டு, கமலாவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

நாலு மணிக்கு நடை திறந்தது. சென்னைப் பஸ்களில் கூட்டம் இறங்கியது, சாட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. என் ஜாகை சின்ன காஞ்சிபுரத்துச் சத்திரம். முன்னாலேயே கிளம்பியிருக்கலாம், ஆனால் கன்னியப்பனின் முறை வரும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் திருச்சியில் குதிரை வண்டிகள் இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் ரிக்‌ஷா. அவை போனபோது அந்தக் குதிரைகள் எங்கே போயின, அவை குடித்த தொட்டிகள் எந்தச் சுவருக்குள் போயின என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஏறி உட்காருகிறவனுக்குப் போய்ச் சேரும் இடம் மட்டுமே கண்ணில் படும் போலிருக்கிறது.

முறை வந்ததும் கன்னியப்பன் டீக்கடைக்காரரிடம் ஒரு வாளியை இரவல் வாங்கி, குழாயடியில் நிரப்பி, எனக்கும் தன் ஆசனத்துக்கும் நடுவே வைத்தார். “காலால புடிச்சிக்கோங்க சார், தளும்பும்” என்றார்.

கடை வாசல். கமலா ஒதுங்கி நின்றது. கன்னியப்பன் இறங்கினார், வாளியைத் தூக்கிப் புதுச் சிமெண்டின் மேல், அது முகர்ந்த இடத்திலேயே வைத்தார். கமலா முகத்தை உள்ளே விட்டது. பின்னால் ஒரு கார், பட்டுக்கடைக்கு வந்த கார், நிற்க இடமில்லாமல் ஹாரன் அடித்தது.

“டேய், வண்டிய எட்றா!” என்றார் சிப்பந்தி.

“குடிச்சிக்கினு இருக்குதேபா. குடிக்கும்போது எழுப்பலாமா?”

காருக்குப் பின்னால் எத்திராஜின் வண்டி வந்து நின்றது, சவாரியோடு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். “டேய் கன்னியப்பா, எனுதுக்கும் மிச்சம் வைடா” என்றார்.

கமலா மிச்சம் வைக்கவில்லை. வாளியின் அடி தெரிந்தது. வண்டிக்காரர் யாரும் அந்தக் கடையின் படி ஏறிய வழக்கம் இல்லை என்று காதர் பாய் மத்தியானம் சொல்லியிருந்தார். ஹாரன் மறுபடி ஒலித்தது. கன்னியப்பன் எத்திராஜின் குதிரையைப் பார்த்தார், சிப்பந்தியைப் பார்த்தார். காலி வாளியைக் கையில் எடுத்தார். செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, தண்ணீர் கேட்கக் கடைக்குள்ளே போனார்.